காப்ரிக்கு ஒரு நாள் பயணம்: தனிப் படகு யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது

இத்தாலியின் நேப்பிள்ஸ், சொரெண்டோ, அமால்ஃபிக் கரை ஆகிய பகுதிகளுக்குக் கோடையில் செல்லத் திட்டமிடும் வாசகர்கள், விடுதியையும் ரயிலையும் முன்பதிவு செய்து முடித்த பின்னர், பெரும்பாலும் ஒரே இடத்தில் வந்து தயங்கி நிற்கிறார்கள். காப்ரி தீவுக்கு ஒரு நாள் போய்வர வேண்டும் என்பதில் அவர்களுக்கு ஐயமில்லை. எல்லோரும் ஏறும் பயணிகள் கப்பலில் செல்வதா, முன்பின் அறியாதவர்களோடு பகிர்ந்துகொள்ளும் குழுப் படகில் இடம் பிடிப்பதா, அல்லது படகோட்டியோடு ஒரு படகை நாள் முழுவதற்கும் தமக்கென்றே அமர்த்திக்கொள்வதா என்பதுதான் கேள்வி. முதல் வழிக்கும் கடைசி வழிக்கும் இடையே செலவு பல மடங்கு வேறுபடுவதால், இந்தத் தயக்கம் முற்றிலும் நியாயமானது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தனிப் படகுக்குக் கொடுக்கும் பணம், தீவைச் சுற்றியுள்ள கடலில் கழிக்கும் மணி நேரங்களுக்கான பணம். தீவைச் சென்றடைவதற்கு மட்டும் அதை அமர்த்துபவர், இருபது நிமிடத்தில் கப்பல் செய்துவிடும் வேலைக்குப் பல நூறு யூரோ கொடுக்கிறார். கீழே வரும் ஒப்பீடு முழுவதும் இந்த ஒரு கருத்தைச் சுற்றியே செல்லும்.

எவற்றை வைத்து முடிவு செய்வது

முதலாவதாகப் பார்க்க வேண்டியது, உங்கள் நாளில் எத்தனை மணி நேரம் கடலுக்கு, எத்தனை மணி நேரம் நிலத்துக்கு என்பது. காப்ரி சுமார் 10 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள சுண்ணாம்புக்கல் தீவு. அதன் கரையின் பெரும்பகுதி செங்குத்தான பாறைச் சரிவு. ஊர்கள் இரண்டும், அதாவது காப்ரியும் அனகாப்ரியும், கடலிலிருந்து உயரத்தில் அமைந்துள்ளன. ஆகவே மேலே இருக்கும்போது கடற்குகைகள் கண்ணில் படுவதில்லை. கீழே படகில் இருக்கும்போது ஊர்கள் கைக்கெட்டுவதில்லை. இரண்டையும் ஒரே நாளில் முழுமையாகப் பார்க்க இயலாது என்பதை ஏற்றுக்கொண்டால் பாதித் தயக்கம் அங்கேயே தீர்ந்துவிடும்.

இரண்டாவது, எத்தனை பேர் செல்கிறீர்கள் என்பது. கப்பலுக்கும் குழுப் படகுக்கும் தலைக்கு ஒரு கட்டணம். தனிப் படகுக்கு ஆள் எண்ணிக்கை எதுவானாலும் ஏறக்குறைய ஒரே வாடகை. மூன்றாவது, கடல் கொந்தளித்தால் என்ன ஆகும் என்பது: பயணம் ரத்தாகுமா, பணம் திரும்புமா, மாற்று வழி இருக்கிறதா? நான்காவது, உடன் வருபவர்களின் உடல்நிலை. முழங்கால் வலியுள்ள பெரியவர்கள், கைக்குழந்தை, அலை ஆட்டத்தில் வாந்தி எடுப்பவர்கள் ஆகியோர் குழுவில் இருந்தால், விலைப் பட்டியலை விட இதுவே முடிவைத் தீர்மானிக்க வேண்டும்.

செலவு: ஒரு மாதிரிக் கணக்கு

விலைகள் பருவத்துக்கும் நிறுவனத்துக்கும் ஏற்ப மாறுபவை. ஆயினும் ஒப்பிடுவதற்கு ஏதாவது ஒரு அடிப்படை வேண்டும் என்பதால், சொரெண்டோவிலிருந்து கோடையில் புறப்படுவதாக வைத்துக்கொண்டு சில தோராயமான எண்களை எடுத்துக்கொள்கிறேன். கப்பலில் போய்வரவும், மரீனா கிராந்தே துறைமுகத்திலிருந்து மேலே ஊருக்குச் செல்லும் இழுவை ரயிலில் ஏறி இறங்கவும் ஒருவருக்கு 55 யூரோ. குழுப் படகில் ஒருவருக்கு 115 யூரோ. எரிபொருளும் படகோட்டியும் சேர்ந்த தனிப் படகுக்கு நாள் வாடகை 900 யூரோ, அதனோடு தலைக்கு 5 யூரோ இறங்கு வரி. கப்பலில் சென்று தீவிலேயே இரண்டு மணி நேரத்துக்கு ஒரு படகை அமர்த்துவதாயின், அந்தப் படகுக்கு மட்டும் 250 யூரோ.

| வழி | 2 பேர் | 4 பேர் | 8 பேர் |
|---|---|---|---|
| பயணிகள் கப்பல் | 110 | 220 | 440 |
| குழுப் படகு | 230 | 460 | 920 |
| தனிப் படகு, நாள் முழுவதும் | 910 | 920 | 940 |
| கப்பலோடு தீவில் 2 மணி நேரப் படகு | 360 | 470 | 690 |

(தொகைகள் மொத்தக் குழுவுக்கு, யூரோவில்.)

இந்த அட்டவணையில் கவனிக்க வேண்டியது எட்டுப் பேருக்கான வரிசை. அங்கே குழுப் படகும் தனிப் படகும் கிட்டத்தட்ட ஒரே தொகைக்கு வந்துவிடுகின்றன. இரண்டு குடும்பங்கள் சேர்ந்து செல்லும்போது, குழுப் படகின் கால அட்டவணைக்குக் கட்டுப்பட்டு நிற்பதில் எந்தப் பொருளும் இல்லை. இருவர் மட்டும் செல்லும்போதோ தனிப் படகு குழுப் படகைப் போல் நான்கு மடங்கு செலவாகிறது. தீவின் புகழ்பெற்ற கடற்குகையான நீலக் குகைக்கான கட்டணம் இதில் எந்த வரியிலும் சேரவில்லை. அதைப் பற்றித் தனியே எழுத வேண்டியிருக்கிறது.

பயணிகள் கப்பல்

சொரெண்டோவிலிருந்து இருபது, இருபத்தைந்து நிமிடங்களிலும், நேப்பிள்ஸின் மோலோ பெவெரெல்லோ துறையிலிருந்து சுமார் 50 நிமிடங்களிலும் விரைவுக் கப்பல்கள் காப்ரியை அடைகின்றன. நேப்பிள்ஸின் கலாதா போர்ட்டா தி மாஸ்ஸா துறையிலிருந்து புறப்படும் பெரிய, மெதுவான கப்பலுக்கு ஏறத்தாழ 80 நிமிடம் ஆகும். இந்த மெதுவான கப்பலை யாரும் பொருட்படுத்துவதில்லை, ஆனால் வயிற்றைப் பற்றிக் கவலைப்படுபவர்கள் அதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அது குறைவாக ஆடும். கடல் கெடும்போது விரைவுக் கப்பல்கள் முதலில் நின்றுவிடுகின்றன. பெரிய கப்பல் அதன் பின்னும் சிறிது நேரம் ஓடிக்கொண்டிருக்கும். நேப்பிள்ஸிலிருந்து அன்றே திரும்ப விமானம் பிடிக்க வேண்டியவர்களுக்கு இந்த வேறுபாடு மிக முக்கியமானது.

கப்பலின் மறைமுகச் செலவு நேரம். காலை ஒன்பதரையிலிருந்து பதினொன்று வரை கப்பல்கள் அடுத்தடுத்து வந்து மரீனா கிராந்தேயில் ஆட்களை இறக்குகின்றன. நிரந்தரமாக ஏறக்குறைய 13,000 பேர் வாழும் தீவில், உச்சக் கோடை நாளொன்றில் அதற்கு மேற்பட்டோர் வந்திறங்குவதுண்டு. 1907 முதல் இயங்கிவரும் இழுவை ரயிலுக்கு அந்த நேரத்தில் அரை மணி நேரத்துக்கு மேலும் வரிசையில் நிற்க நேரலாம். எட்டு மணிக்கு முந்தைய கப்பலைப் பிடிப்பவர்களுக்கு இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. காலையில் சீக்கிரம் எழுந்திருக்கக்கூடிய குழுவா என்பதைப் பொறுத்தே கப்பல் பயணத்தின் தரம் அமைகிறது என்று சொன்னால் மிகையாகாது.

ஊரைப் பார்க்க விரும்புபவர்களுக்குக் கப்பலை விடச் சிறந்த வழி இல்லை. ரோமப் பேரரசர் திபேரியஸ் கி.பி. 27 முதல் 37 வரை தங்கியிருந்து பேரரசை ஆண்ட வில்லா யோவிஸ் அரண்மனையின் இடிபாடுகள், காப்ரி ஊரின் நடுச்சதுக்கத்திலிருந்து முக்கால் மணி நேரம் ஏறி நடக்கும் தொலைவில் உள்ளன. அனகாப்ரியிலிருந்து ஒருவர் மட்டும் அமரும் தொங்கு நாற்காலியில் பன்னிரண்டு நிமிடம் போல் சென்றால் தீவின் மிக உயர்ந்த இடமான 589 மீட்டர் சொலாரோ மலையின் உச்சி. இவை இரண்டும், மதிய உணவும், அகஸ்டஸ் தோட்டத்திலிருந்து கடலைப் பார்ப்பதும் சேர்ந்தால் ஒரு நாள் நிறைந்துவிடும். இப்படிப்பட்ட நாளுக்குத் தனிப் படகை அமர்த்தினால், அது கடலில் வெறுமனே காத்துக்கொண்டிருக்கும். நீங்கள் அந்தக் காத்திருப்புக்கும் சேர்த்தே பணம் கொடுப்பீர்கள்.

குழுப் படகு

இத்தாலியச் சட்டப்படி, படகோட்டியோடு வாடகைக்கு விடப்படும் உல்லாசப் படகுகளில் 12 பயணிகளுக்கு மேல் ஏற்றக் கூடாது. சிறு குழுப் பயணம் என்று விளம்பரம் செய்யப்படுபவை பெரும்பாலும் இந்த வரம்புக்குள் வருபவை. அதைவிடப் பெரிய படகுகளில் பல மடங்கு கூட்டத்தை ஏற்றிச் செல்பவையும் அதே விளம்பரப் பக்கங்களில் இடம்பெறுவதால், முன்பதிவுக்கு முன் எத்தனை பேர் ஏற்றப்படுவார்கள் என்பதை எழுத்தில் கேட்டுப் பெறுவது நல்லது. பன்னிரண்டு பேருக்கும் ஐம்பது பேருக்கும் உள்ள வேறுபாடு நீந்துவதற்காகப் படகை நிறுத்தும்போது தெரியும்: பின்புறம் ஒரே ஓர் ஏணி இருக்கும், அதில் எல்லோரும் இறங்கி ஏறி முடிப்பதற்குள் நின்ற நேரம் கரைந்துவிடும்.

குழுப் படகின் வழக்கமான ஒழுங்கு, காலையில் தீவைச் சுற்றிவந்து, ஓரிரு இடங்களில் நீந்தவிட்டு, பிறகு மரீனா கிராந்தேயில் இறக்கிவிட்டு, சில மணி நேரம் கழித்து அதே இடத்தில் ஏற்றிக்கொள்வது. இருவராகவோ மூவராகவோ செல்பவர்களுக்கு, கடலையும் நிலத்தையும் ஓரளவு தொட்டுப் பார்க்க இதுவே சிக்கனமான வழி. குறிப்பாக முதல் முறை செல்பவர்களுக்கு நான் இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

பொருந்தாத இடங்களும் உண்டு. குழந்தைக்குப் பசித்தாலும், பெரியவருக்கு வெயில் தாங்காவிட்டாலும் படகு தன் நேரப்படியே செல்லும். பலவற்றில் நிழல் தரும் துணிக்கூரை சிறியது. கழிப்பறை இருக்கும், ஆனால் அது குனிந்து நுழையும் அளவுக்கே இருக்கும். விடுதியிலிருந்து துறைமுகத்துக்கு அழைத்துச் செல்லும் வண்டி கட்டணத்தில் அடங்கியது என்று எழுதியிருந்தால், எல்லா விடுதிகளிலும் ஏறி இறங்கி வருவதற்கு ஒரு மணி நேரம் கழியும் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

படகோட்டியோடு தனிப் படகு

இந்தப் பகுதியில் தனிப் படகு என்றால் பெரும்பாலும் கொட்ஸோ என்னும் வகை. சொரெண்டோ மீனவர்கள் தலைமுறைகளாகப் பயன்படுத்திய, முன்னும் பின்னும் குவிந்த மரப்படகிலிருந்து வளர்ந்த வடிவம் இது. இன்று வாடகைக்கு ஓடுபவை பெரும்பாலும் கண்ணாடியிழையால் ஆனவை. ஏழு முதல் பத்து மீட்டர் நீளம். முன்பகுதி முழுவதும் மெத்தை விரித்துப் படுத்துக்கொள்ளும்படி இருக்கும், நடுவில் துணிக்கூரை, பின்னால் நீந்த இறங்கும் ஏணியும், உப்பைக் கழுவிக்கொள்ள நன்னீர்க் குழாயும். ஏறும் இடத்திலேயே ஒரு கூடையை நீட்டுவார்கள். எல்லோருடைய செருப்பும் அதற்குள் போகும். நாள் முழுவதும் படகில் வெறுங்காலோடுதான். காற்றடைத்த ரப்பர் பக்கங்களைக் கொண்ட விரைவுப் படகுகளும் கிடைக்கின்றன. அவை மலிவானவை, விரைவானவை. ஆனால் அலையில் மோதும் அதிர்ச்சி முதுகுக்கு நேராக வரும். முதுகு வலியுள்ளவர்களும் கருவுற்றவர்களும் அவற்றைத் தவிர்க்க வேண்டும்.

தனிப் படகின் உண்மையான பயன், வரிசையை மாற்றும் உரிமை. காற்று எப்பக்கமிருந்து வீசுகிறது என்பதைப் பொறுத்துக் காப்ரியின் ஒரு பக்கம் குளத்து நீர்போல் அமைதியாகவும் மறுபக்கம் நுரைத்துக்கொண்டும் இருக்கும். வடமேற்கிலிருந்து மாயெஸ்த்ராலே காற்று வீசும் நாளில் நீலக் குகை மூடப்படும், ஆனால் தென்புறத்தில் மரீனா பிக்கோலா என்னும் சிறு துறைக்கு எதிரே சுகமாக நீந்தலாம். தென்கிழக்கிலிருந்து ஷிரோக்கோ வீசும் நாளில் நிலைமை தலைகீழாகிவிடும். குழுப் படகின் படகோட்டியும் இதை அறிவார், ஆனால் அவர் பன்னிரண்டு பேரைக் குறித்த நேரத்தில் துறைமுகத்தில் இறக்கியாக வேண்டும். தனிப் படகில் படகோட்டி காலையில் கடலைப் பார்த்துவிட்டு, முதலில் எங்கே, பிறகு எங்கே என்று உங்களோடு பேசி முடிவு செய்வார். நல்ல படகோட்டி கிடைத்துவிட்டால், அவர் சொல்வதைக் கேட்டு நடப்பதே அந்த வாடகையின் முழுப் பயனையும் பெறும் வழி.

அடுத்த பயன் நேரம். தீவின் தென்கிழக்கு மூலையில் கடலிலிருந்து எழுந்து நிற்கும் ஃபாராலியோனி எனப்படும் மூன்று பெரும் பாறைகளில், கரையோடு ஒட்டியது 109 மீட்டர் உயரம். நடுவில் உள்ளது 81 மீட்டர். வெளியே நிற்பது 104 மீட்டர். நடுப்பாறையைக் குடைந்து இயற்கையே அமைத்த வாயில் வழியாகச் சிறு படகுகள் புகுந்து வெளியேறலாம். பதினொரு மணிக்கு அங்கே படகுகள் முறை வைத்துக் காத்திருக்கும். எட்டரை மணிக்கோ, மாலை ஐந்தரைக்குப் பிறகோ சென்றால் அந்த வாயிலுக்குள் நீரின் ஒலி மட்டும் கேட்கும். சுவரின் நீர்மட்டத்தில் பவழச் சிவப்பாகப் படிந்திருக்கும் உயிரினங்களை நின்று பார்க்கலாம். வெளிப்பாறையில் மட்டும் வாழும் நீல நிறப் பல்லியினம் ஒன்று உண்டு. படகிலிருந்து அதைக் காண்பது கடினம், ஆயினும் அந்தப் பாறையில் அது வாழ்கிறது என்று அறிந்து பார்ப்பதில் ஒரு நிறைவு இருக்கிறது. இந்த ஓரங்களை நிதானமாகப் பார்க்க வேண்டும் என்று உண்மையிலேயே ஆசைப்படுபவர்களுக்குத் தனிப் படகு தரும் நாள் வேறு எந்த வழியிலும் கிடைக்காது. தென்மேற்கு முனையில் புந்தா கரேனா கலங்கரை விளக்கம், பச்சைக் குகை, வெள்ளைக் குகை என்று ஒவ்வோர் இடத்திலும் விரும்பிய நேரம் நிற்கலாம்.

மதிய உணவும் இங்கே ஒரு காரணமாகிறது. பல படகோட்டிகள் தீவில் இறக்காமல், எதிர்க்கரையிலுள்ள நெரானோ என்னும் சிற்றூரின் கடற்கரை உணவகங்களுக்கு அழைத்துச் செல்வார்கள். அந்த ஊரின் பெயராலேயே அறியப்படும் நூடுல்ஸ் வகை உணவு, பொரித்த சுக்கினிக் காயும் பாலாடைக்கட்டியும் சேர்ந்தது. மீன், இறைச்சி சேராதது. ஆனால் அதில் இடும் உள்ளூர்ப் பாலாடைக்கட்டியை உறையவைக்க விலங்கின் இரைப்பையிலிருந்து எடுக்கும் நொதி பயன்படுவதால், கடுமையான சைவ ஒழுக்கம் உடையவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும். கடற்கரை உணவகத்தின் செலவு படகு வாடகையில் சேராது. ஒருவருக்கு 50 யூரோவுக்குக் குறையாமல் எதிர்பார்ப்பது நல்லது. சில இடங்களில் கரையோரச் சாய்விருக்கைக்கும் தனிக் கட்டணம் உண்டு.

இனி மறைந்திருக்கும் செலவுகள். முதல் கேள்வி எரிபொருள். பட்டியலில் குறைந்த வாடகையைக் காட்டும் சில படகுகளுக்கு எரிபொருள் தனி. தீவை முழுச் சுற்றுச் சுற்றி வரும் நாளில் அந்தத் தொகை நூறு யூரோவை எளிதில் தாண்டும். இரண்டாவது, நேரக் கணக்கு: எட்டு மணி நேரப் பயணம் என்றால், துறையில் ஏறும் நேரத்திலிருந்தா, விடுதியிலிருந்தா என்பது தெளிவாக இருக்க வேண்டும், கூடுதல் மணி நேரத்துக்குத் தனிக் கட்டணம் வாங்குவது வழக்கம். மூன்றாவது, மரீனா கிராந்தேயில் இறங்குதல். கோடையில் அங்கே படகைக் கட்டி வைக்க இடம் கிடைப்பது அரிது. படகோட்டி உங்களை இறக்கிவிட்டு வெளியே சென்று காத்திருப்பார். இறக்கி ஏற்றுவதற்குச் சில சமயம் தனியே பணம் கேட்பார்கள். ஏப்ரல் முதல் அக்டோபர் வரையிலான 5 யூரோ இறங்கு வரி கப்பல் சீட்டில் சேர்ந்தே வந்துவிடும். படகுப் பயணங்களில் அதைப் பெரும்பாலும் நேரில் வாங்குவார்கள்.

பொருந்தாத குழு எது என்பதையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். நீந்தத் தெரியாதவர்களே பெரும்பான்மையாக உள்ள குழுவுக்கு, படகில் கழியும் ஐந்தாறு மணி நேரம் முதல் இரண்டு மணிக்குப் பிறகு நீண்டுகொண்டே போவது போல் தோன்றும். உயிர்காப்புச் சட்டை அணிந்து மிதப்பதில் மகிழ்பவர்கள் விதிவிலக்கு. அசையும் படகிலிருந்து துறைக்கல்லில் கால் வைத்து ஏற இயலாத பெரியவர்கள் இருந்தால், பலகை பாலம் போட்டு ஏற்றும் கப்பலே அவர்களுக்குப் பாதுகாப்பானது.

நீலக் குகைக்காகத் தனிப் படகு எடுக்க வேண்டாம்

வாசகர்களிடம் மிகப் பரவலாக உள்ள ஒரு நம்பிக்கையை இங்கே மறுத்தாக வேண்டும். தனிப் படகு இருந்தால் நீலக் குகைக்குள் நேரே போகலாம், அல்லது வரிசையைத் தாண்டலாம் என்று பலர் நினைக்கிறார்கள். குகையின் வாயில் நீருக்கு மேலே ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரமே உள்ளது. எந்தப் பெரிய படகும் அதற்குள் நுழைய முடியாது. வெளியே, மிதக்கும் ஒரு படகிலேயே சீட்டு விற்பார்கள். அங்கே நீங்கள் வந்த படகிலிருந்து, நால்வர் வரை ஏற்றும் சிறு துடுப்புப் படகுக்கு மாற வேண்டும். துடுப்புக்காரர் எல்லோரையும் படகின் அடியில் மல்லாந்து படுக்கச் சொல்வார். வாயிலின் பாறையில் பதித்த சங்கிலியைப் பிடித்துக்கொண்டு, அலை தாழும் கணத்துக்காகக் காத்திருந்து, ஒரே இழுப்பில் உள்ளே செலுத்துவார். அந்தக் கணத்தில் தலையைத் தூக்கக் கூடாது.

உள்ளே சுமார் 60 மீட்டர் நீளமும் 25 மீட்டர் அகலமும் கொண்ட கூடம். வாயிலுக்குக் கீழே நீருக்குள் இருக்கும் பெரிய திறப்பு வழியாகச் சூரிய ஒளி நீரை ஊடுருவி வருவதால், சிவப்பு நிறம் நீரில் உறிஞ்சப்பட்டு நீலம் மட்டும் எஞ்சி, அடியிலிருந்து நீர் ஒளிர்வதாகத் தோன்றும். நண்பகலை ஒட்டிய வேளையில் அந்த ஒளி மிகவும் நன்றாக இருக்கும். உள்ளே தங்க அனுமதிப்பது ஐந்து நிமிடம் போல்தான். நீந்துவதற்குத் தடை உள்ளது. 1964 இல் இந்தக் குகையின் அடியிலிருந்து ரோமானியச் சிலைகளை எடுத்தார்கள். திபேரியஸ் காலத்தில் இதைக் கடல் தெய்வங்களுக்குரிய கூடமாகப் பயன்படுத்தினார்கள் என்பதற்கு அவையே சான்று. அழகில் எந்தக் குறையும் இல்லாத இடம். பார்க்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் தலைக்கு சுமார் 18 யூரோ கட்டணமும், கோடையில் ஒரு மணி நேரத்தைத் தாண்டக்கூடிய காத்திருப்பும் எல்லாப் படகுகளுக்கும் பொது. மணிக்கு நூறு யூரோவுக்கு மேல் வாடகை கொடுத்த படகில் அசைந்தபடி காத்திருப்பது, அந்த நாளை வீணாக்கும் மிக உறுதியான வழி. படகு நின்ற இடத்திலேயே ஆடும்போதுதான் பலருக்குத் தலை சுற்றலும் தொடங்கும்.

குகையைத் தவறவிட விரும்பாதவர்களுக்கு நிலவழி இருக்கிறது. அனகாப்ரியிலிருந்து பேருந்தில் குகையின் மேற்புறம் வரை சென்று, படிகளில் இறங்கினால், அதே துடுப்புப் படகுகளில் ஏறிக்கொள்ளலாம். கப்பலில் வந்தவர்களுக்கு இதுவே மலிவான வழி. காலையில் துறைமுகத்தில் இறங்கியவுடன், குகை திறந்திருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு பிறகு பேருந்தில் ஏறலாம்.

கப்பலில் சென்று, தீவில் படகு எடுப்பது

விளம்பரங்களில் குறைவாகவே தென்படும் இந்த வழியை நான் மிகவும் விரும்புகிறேன். சொரெண்டோவிலிருந்து முதல் கப்பல்களில் ஒன்றில் காப்ரிக்குச் சென்று, மரீனா கிராந்தேயிலிருந்தோ மரீனா பிக்கோலாவிலிருந்தோ இரண்டு அல்லது மூன்று மணி நேரத்துக்கு ஒரு கொட்ஸோவை அமர்த்துவது. நிற்காமல் தீவைச் சுற்றிவர இரண்டு மணி நேரம் போதும். நீந்தவும் வேண்டுமென்றால் மூன்று. மீதி நாள் முழுவதும் ஊருக்கு. போகவும் வரவும் ஆகும் எரிபொருளுக்கும் நேரத்துக்கும் தனிப் படகுக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. கடலின் மிக அழகான பகுதியில் மட்டும் அந்தப் பணம் செலவாகிறது. அட்டவணையில் நால்வருக்கான வரிசையைப் பாருங்கள்: குழுப் படகின் செலவுக்குப் பத்து யூரோதான் கூடுதல்.

குழுவில் சிலர் கடலையும் சிலர் மலையையும் விரும்பினால், இந்த வழியில் இரு பிரிவாகப் பிரிந்து மதிய உணவுக்கு ஒன்று சேரலாம். அலை தாங்காத பாட்டி காப்ரியின் நடுச்சதுக்கத்தில் அமர்ந்து காபி குடித்துக்கொண்டிருக்க, பேரப்பிள்ளைகள் ஃபாராலியோனிக்குச் சென்று வரலாம். கடல் கெட்டால் படகை மட்டும் விட்டுவிட்டு நாளை நிலத்தில் தொடரலாம். நாள் முழுவதும் ரத்தாவதில்லை.

இதன் குறை, உச்ச ஆகஸ்டில், அதிலும் நாடே விடுமுறை கொண்டாடும் ஆகஸ்ட் 15ஐ ஒட்டிய வாரத்தில், துறையில் சென்று கேட்டால் நல்ல படகு கிடைக்காமல் போகலாம் என்பதுதான். முன்பதிவு செய்தால் கப்பல் தாமதமாகும் இடர் உங்களுடையதாகிவிடும். ஆகவே கப்பல் சேரும் நேரத்துக்கும் படகு நேரத்துக்கும் இடையே ஒன்றரை மணி நேரமாவது விட்டுவைக்க வேண்டும்.

உரிமம் இல்லாமல் தாமே ஓட்டும் படகு

இத்தாலியில் 40.8 குதிரைத் திறன் வரையிலான இயந்திரம் பொருத்திய படகை, 18 வயது நிரம்பியவர், கரையிலிருந்து 6 கடல் மைல் எல்லைக்குள் உரிமம் இன்றி ஓட்டலாம். இந்தச் சட்டத்தைக் காட்டி வாடகை மலிவு என்று பலர் ஆசைப்படுகிறார்கள். சொரெண்டோவுக்குக் கீழே கரையோரமாகச் சிறு குடாக்களில் சுற்றுவதற்கு அது நல்ல வழி. காப்ரிக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். சொரெண்டோ தீபகற்பத்தின் முனையான புந்தா கம்பனெல்லாவுக்கும் காப்ரிக்கும் இடையே உள்ள சுமார் ஐந்து கிலோமீட்டர் நீரிணையில் நீரோட்டம் உண்டு. விரைவுக் கப்பல்கள் எழுப்பும் அலைகள் குறுக்கும் நெடுக்குமாக வரும். பிற்பகலில் காற்று வலுக்கும். 1997 இல் அமைக்கப்பட்ட புந்தா கம்பனெல்லா கடல் காப்பகத்தின் சில பகுதிகளில் இயந்திரப் படகுகள் நுழையவே தடை இருப்பதால், எல்லைகளை அறியாதவர் அபராதத்துக்கும் ஆளாகலாம். 2023 ஆகஸ்டில் அமால்ஃபிக் கரைக்கு அப்பால் வாடகை மோட்டார் படகு ஒன்று பாய்மரக் கப்பலோடு மோதிச் சுற்றுலாப் பயணி ஒருவர் உயிரிழந்தார். அப்படகை ஓட்டியவர் வாடகைக்கு அமர்த்திய படகோட்டியே. கோடையில் இந்தக் கடல் எவ்வளவு நெரிசலானது என்பதை மனத்தில் கொண்டுதான் எந்தப் படகையும் தேர்ந்தெடுக்க வேண்டும்.

எந்தத் துறையிலிருந்து, எந்த மாதத்தில்

தனிப் படகென்றால் சொரெண்டோவோ, அதை விட நெருக்கமான மாஸ்ஸா லுப்ரென்ஸே பகுதியோ சிறந்தவை. கடக்கும் தூரம் குறைவு, வாடகையில் பெரும்பகுதி தீவைச் சுற்றியே செலவாகும். அமால்ஃபிக் கரையிலுள்ள பொசிட்டானோவிலிருந்து புறப்பட்டால் கரையின் அழகு வழியில் கிடைக்கும், ஆனால் எரிபொருளும் நேரமும் கூடும். பொசிட்டானோவில் தங்குபவர்கள் வேறு வழியின்றி அதைத் தேர்ந்தெடுக்கலாம். நேப்பிள்ஸிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் திறந்த வளைகுடாவைச் சிறு படகில் கடப்பது நாளின் பெரும்பகுதியை விழுங்கும். அங்கே தங்குபவர்கள் கப்பலில் செல்வதே முறை.

ஏப்ரல் இறுதியில் நீரின் வெப்பநிலை 16 பாகை போல் இருக்கும்; நீந்த இயலாத மாதத்தில் தனிப் படகின் பாதிப் பயன் போய்விடுகிறது. ஜூனும் செப்டம்பரும் நல்ல மாதங்கள். ஆகஸ்டில் நீர் 26 பாகை வரை வெதுவெதுப்பாக இருக்கும், நெரிசலும் அதற்கேற்ப. குளிர்காலத்தில் அமால்ஃபிக் கரையிலிருந்து காப்ரிக்கு வழக்கமான கப்பல் சேவை நின்றுவிடுவதால், அப்போது நேப்பிள்ஸோ சொரெண்டோவோதான் வழி.

முன்பணம் கட்டுவதற்கு முன்

படகோட்டியோடு எடுக்கும் எந்தப் படகுக்கும் முன்பணம் கட்டுவதற்கு முன்னர், பின்வருவனவற்றை மின்னஞ்சலிலோ வாட்ஸ்அப்பிலோ எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்: எரிபொருள் சேர்ந்ததா, மொத்த மணி நேரம் எது முதல் எது வரை, அதிகபட்சம் எத்தனை பேர், குழந்தைகளுக்கேற்ற அளவில் உயிர்காப்புச் சட்டை உண்டா, படகில் கழிப்பறையும் நிழலும் உண்டா, தீவில் இறங்குவதற்குத் தனிக் கட்டணம் உண்டா. இவற்றோடு மிக முக்கியமான ஒன்று, கடல் கெட்டு ரத்து செய்ய நேர்ந்தால் பணம் முழுவதும் திரும்புமா, அல்லது வேறு தேதிதான் தருவார்களா என்பது. வேறு தேதி மட்டும் தருபவர்களாக இருந்தால், உங்கள் பயணத்தின் கடைசி நாளில் அந்தப் படகை வைக்கக் கூடாது. அந்தப் பகுதியில் தங்கும் முதல் அல்லது இரண்டாம் நாளிலேயே வைத்துக்கொண்டால், காற்று மாறும் வரை காத்திருக்க ஓரிரு நாள்கள் கையில் இருக்கும்.